சருகுமான் வந்த காலை

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பியதும் நண்பர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "விடுமுறையில் என்ன செய்தாய்?" என்பதுதான். சென்ற முறை என்னைக் கேட்டவர்களிடம், "வேட்டைக்குப் போனேன்" என்றேன். பலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், "துப்பாக்கி ஏது?" என்று கேட்டார். துப்பாக்கி இல்லை. நான் கையில் எடுத்துச் சென்றது ஒரு சாண் நீளமுள்ள இரண்டு குச்சிகளை மட்டுமே. அந்தக் குச்சிகளின் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னை வேட்டைக்கு அழைத்துச் சென்ற நண்பன் செமாய் இனத்தவன். நம் தீபகற்பத்தின் பூர்வக்குடி மக்களை 18 பிரிவினராக வகுத்துச் சொல்வார்கள். அவர்களுள் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் செமாய் மக்கள். பேராக்கிலும் பகாங்கிலும், தித்திவங்சா மலைத்தொடரின் இரு பக்கங்களிலும் அவர்களுடைய கம்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய தாய்மொழி மலாய் அன்று. அது கெமர், வியட்நாமிய மொழிகளோடு உறவுடைய மொழி.

நான் பிறந்து வளர்ந்தது பத்தாங் பாடாங் மாவட்டத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். கடைசி நிரையில் நின்று பார்த்தால் நண்பனுடைய கம்பம் இருக்கும் மலை தெரியும். அவ்வளவு பக்கம். இருந்தும் எங்கள் தோட்டத்தில் அந்த மக்களுக்கு ஒரே பெயர்தான் இருந்தது. பெத்தாயும் டுரியானும் விற்க அவர்கள் மோட்டாரில் வரும்போது, "சக்காய்க்காரன் வந்திருக்கான்" என்று வீட்டுக்கு வீடு குரல் கொடுப்போம். அடிமை என்று பொருள்படும் இழிசொல் அது என்பது வெகு நாளைக்குப் பிறகே எனக்குத் தெரிந்தது. பொருள் தெரியாமல் சொன்னோம் என்று இன்று சமாதானம் கூறலாம். ஆனால், பொருள் தெரியாவிட்டாலும் தொனி தெரியாமலா இருந்தது?

ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தேன். பிறகு புகுமுக வகுப்பில் ஓராண்டு. அதன்பின் படிவம் ஒன்றுக்குத் தேசிய இடைநிலைப்பள்ளியில் நுழைந்தபோது அவன் என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். நானும் அதே வரிசைதான். எனக்கு மலாய் சரளமாக வராது. அவனுக்கு வரும், ஆனால் பேசமாட்டான். எங்களைச் சில மாணவர்கள் ஒரு சொல்லால் அழைப்பார்கள். அது எந்தச் சொல் என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு நான் குமுறியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதும் இருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் படிவம் இரண்டில் இப்படிச் செய்தேன்.

ஒருநாள் ஓய்வு நேரத்தில் அவன் ஓர் இலைப் பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தான். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் புகையில் வாட்டிய இறைச்சித் துண்டு ஒன்றும் இருந்தன. "சாப்பிடு" என்றான். அவன் என்னிடம் தானாகப் பேசிய முதல் சொல் அது என்று நினைக்கிறேன். என்னோடு இருந்த நம் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் வேண்டாம் என்றேன். "சாப்பிடாவிட்டால் போகட்டும், விரலால் தொட்டாவது விடு" என்று கெஞ்சுவது போலச் சொன்னான். எனக்கு அது புரியவில்லை. பையன்கள் இன்னும் உரக்கச் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசையில், நானும் சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

அன்று பள்ளி முடிந்தபோது அவன் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய கம்பத்துக்குப் போகும் வேன் எதிர்ப்பக்கம் காத்திருந்தது. நான் ஏறி, பேருந்து நகரும் வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சண்டைக்கு நிற்கிறான் என்று பயந்தேன்.

படிவம் மூன்றோடு அவன் பள்ளிக்கு வருவது நின்றது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் சாலையில் என் மோட்டார் பஞ்சராகி நின்றது. சாலையோரத்தில் பெத்தாய் விற்றுக்கொண்டிருந்த ஓர் இளைஞன் எழுந்து வந்து, "என்ன மச்சா?" என்றான். எங்களோடு இருந்தபோது கற்ற ஒரே தமிழ்ச் சொல்லை அவன் மறக்கவில்லை. கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு என் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு விடுமுறையிலும் அவன் வீட்டுக்குப் போகிறேன். நாங்கள் பேசிக்கொள்வது மலாயில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவன் வீட்டுச் சுவரில் ஊதுகுழல் ஒன்று சாய்ந்திருக்கும். மலாயில் சும்பிட் என்பார்கள். அவர்கள் மொழியில் பெலாவ். ஆளைவிட உயரம். தூக்கிப் பார்த்தால் எடையே இல்லை. குழலுக்குள் குழலாக இரண்டு மூங்கில்கள். உள்ளே இருப்பது கணுவுக்கும் கணுவுக்கும் நீண்ட இடைவெளி உள்ள ஒருவகை மூங்கில். அதன் உட்புறம் கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும். அம்பு என்பது பெர்த்தாம் பனையின் ஓலைக் காம்பிலிருந்து சீவிய மெல்லிய ஈர்க்கு. ஒரு சாணுக்குச் சற்று அதிகம். அதன் அடியில் நெட்டி போன்ற ஒரு சிறு கட்டை. பின்னால் பனைப் பஞ்சைக் கொஞ்சம் அடைத்து ஊதினால் காற்று வீணாகாமல் அம்பைத் தள்ளும். முனைக்குச் சற்றுக் கீழே மெல்லிய வெட்டு ஒன்று போட்டிருப்பார்கள். விலங்கு அம்பைத் தட்டிவிட்டாலும் முனை முறிந்து உள்ளேயே தங்கிவிடும்.

அந்த முனையில் பூசும் நஞ்சு ஈப்போ மரத்தின் பால். ஈப்போ நகரத்துக்குப் பெயர் கொடுத்த மரம் அது. எத்தனை முறை அந்த நகரத்துக்குப் போய் வந்திருப்போம்! நம் பலாமரமும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மரத்தைக் கீறி எடுத்த பாலைத் தணலில் வாட்டிக் கறுப்புப் பிசினாக்குகிறார்கள். அது இரத்தத்தில் கலந்தால் இதயத்தை நிறுத்திவிடும். ஆனால், அம்பு தைத்த இடத்துச் சதையை வெட்டி எறிந்துவிட்டால் மற்ற இறைச்சியைச் சமைத்துச் சாப்பிடலாம்.

நான் அந்தக் குழலை வேட்டையில் தொட்டதில்லை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பூர்வக்குடி மக்களுக்கு மட்டும் 10 வகை விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாட இடம் தருகிறது. அதுவும் தம் குடும்பத்தின் உணவுக்காக, விற்கக் கூடாது. காட்டுப்பன்றி, கடமான், சருகுமான் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. உரிமை அவனுடையது, குழலும் அவனுடையது. பிறகு எனக்கு அங்கே என்ன வேலை?

எனக்கு வேலை தந்தது சருகுமான்.

நாம் எல்லாரும் சின்ன வயதில் மலாய்ப் பாடநூலில் படித்த சாங் கஞ்சில்தான் சருகுமான். முதலைகளை வரிசையாக நிற்க வைத்து அவற்றின் முதுகில் நடந்து ஆற்றைக் கடந்த கெட்டிக்காரன். உண்மையில் அது மானே அன்று, கொம்பும் கிடையாது. முழுதாக வளர்ந்தாலும் எடை 2 கிலோ அளவுதான். கால்கள் பென்சிலைப் போல இருக்கும். அதற்கு ஒரு பழக்கம் உண்டு. கலவரப்பட்டால் பின்னங்கால்களால் தரையைப் படபடவென்று தட்டும். அந்த ஓசையைக் கேட்டு இன்னொரு சருகுமான் யாரென்று பார்க்க வரும். இதைத் தெரிந்துகொண்ட பழங்கால வேடர்கள் காய்ந்த இலைகளின் மேல் குச்சியால் தட்டி அதை வரவழைக்கக் கற்றார்கள்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் பின்னால் உட்கார்ந்து தட்ட வேண்டும். மற்றவன் முன்னால் குழலோடு அசையாமல் நிற்க வேண்டும். ஓசையை நோக்கி வரும் விலங்கு, நிற்பவனைக் கவனிக்காமல் கடந்து போகும். அந்தக் கணத்தில் ஊத வேண்டும். தட்டுகிறவனுக்கு முன்னால் நடப்பது எதுவும் சரியாகத் தெரியாது. ஊதுகிறவனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்க்க முடியாது. ஒருவன் மேல் மற்றவனுக்கு நம்பிக்கை இல்லாவிட்டால் இந்த வேட்டை நடக்காது.

முன்பெல்லாம் அவனுடைய அப்பாதான் தட்டுவார். அவருக்கு முழங்கால் வலி வந்து மலையேற முடியாமல் போனது. "நீ தட்டு" என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். ஏன் உன் தம்பியை அழைக்கவில்லை என்று கேட்டேன். "அவனுக்குப் பொறுமை இல்லை" என்றான். என்னிடம் பொறுமை இருப்பதாக என் வாழ்நாளில் யாரும் சொன்னதில்லை!

இரண்டு விடுமுறைகள் பயிற்சி. வீட்டு வாசலில் இலைகளைக் குவித்துப் போட்டு அவனுடைய அப்பா கண்களை மூடிக்கொண்டு கேட்பார். நான் தட்டுவேன். "இது மழை" என்பார். மீண்டும் தட்டுவேன். "இது கோழி கிளறுகிறது" என்பார். வலது கை இடது கையைவிட ஓர் இழை முந்த வேண்டும். வேகமாகத் தட்டி, சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகுதான் உண்மையான வேலை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, தட்டியதைவிட நான்கு மடங்கு நேரம் சும்மா இருக்க வேண்டும். "சும்மா இருக்கத் தெரியாதவன் தட்டக் கூடாது" என்பது பெரியவருடைய சட்டம். ஒருநாள் மாலை அவர் கண்களைத் திறக்காமலே தலையை ஆட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. என் மதிப்பெண் அட்டையைப் பார்த்து அப்பா தலையாட்டியபோதுகூட நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

அப்போது அவரிடம் ஒன்று சொன்னேன். இந்த விலங்கின் உறவினம் ஒன்று தமிழ்நாட்டு மலைக்காடுகளிலும் இருக்கிறது. தமிழில் அதற்குச் 'சருகுமான்' என்று பெயர். சருகு என்றால் காய்ந்த இலை என்றேன். பெரியவர் கையிலிருந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியென்றால் உங்கள் ஆட்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள்" என்றார்.

சென்ற விடுமுறையில், டுரியான் காலம் முடியும் நேரத்தில், ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டோம். முதல்நாள் இரவு அங்கேயே தங்கினேன். விடிவதற்கு முன் பெரியவர் என் தலையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அம்மா தேய்த்துவிட்ட தேங்காய் எண்ணெய்! "நீ போவதற்கு முன்னால் காற்று உன் தலையைக் கொண்டு போய்விடும்" என்றார். இருட்டில் ஆற்றில் இறங்கி, மண்ணைத் தேய்த்துத் தலை கழுவினேன். குளிரில் பற்கள் தட்டிக்கொண்டன. "பல்லால் தட்டாதே, குச்சியால் தட்டு" என்று நண்பன் சிரித்தான்.

காட்டு எல்லைக்குள் போனதும் அவன் சிரிப்பு நின்றது. காட்டில் சில விதிகள் உண்டு. தேடிப் போகும் விலங்கின் பெயரைச் சொல்லக் கூடாது. வேறு பெயரால்தான் குறிப்பிட வேண்டும். எந்த விலங்கையும் கேலி செய்து சிரிக்கவே கூடாது. சிரித்தால் இடியும் மின்னலுமாக மழை பிடித்துக்கொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. முன்பு ஒருமுறை மரத்திலிருந்து வழுக்கிய குரங்கைப் பார்த்து நான் சிரித்தபோது அவன் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு குரங்கைப் பார்த்துச் சிரிக்கவே அஞ்சுகிற வீட்டுப் பிள்ளையைப் பார்த்துத்தான் நாங்கள் பள்ளியில் சிரித்தோம்.

ஒரு மணி நேரம் ஏறினோம். அட்டைகள் காலணிக்குள் புகுந்தன, எடுக்கக் குனியவில்லை. அவன் முதலில் செய்வது காற்றைப் பார்ப்பது. பஞ்சில் ஓர் இழையைப் பிய்த்து விட்டான். அது எங்கள் முகத்தை நோக்கி மெல்ல வந்தது. நல்லது. ஓடைக்கு மேலே ஒரு பெரிய மரத்தின் பலகை வேர்களுக்கு நடுவில் என்னை உட்கார வைத்தான். அவன் பத்து அடி முன்னால் போய் ஒரு மரத்தோடு மரமாக நின்றான்.

தட்டினேன். நிறுத்தினேன். காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் கழித்து இடம் மாறினோம். அங்கும் ஒன்றும் இல்லை. மூன்றாவது இடத்தில் நான்காவது முறை தட்டி நிறுத்தியபோது, முன்னால் எங்கோ மிக மெல்லிய பதில் வந்தது. என் குச்சிகளின் ஓசைதான் எதிரொலிக்கிறது என்று நினைத்தேன். பிறகு புதருக்குள்ளிருந்து ஒரு பழுப்பு நிறம் நகர்ந்தது.

நண்பன் குழலை உயர்த்தினான். விலங்கு ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் நின்றது. தலையும் கழுத்தும் மட்டும் தெரிந்தன. நான் மனத்துக்குள் ஊது, ஊது என்று கத்தினேன். அவன் ஊதவில்லை. எவ்வளவு நேரமென்று தெரியாது. சருகுமான் மூக்கை உயர்த்திப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் திரும்பி வந்து என் காதில், "மரம் மறைத்தது. தோலில் மட்டும் பட்டால் அது எங்கேயோ போய்ச் சாகும். நமக்கும் இல்லை, அதற்கும் இல்லை" என்றான். இரண்டு ஆண்டுப் பயிற்சி, மூன்று மணி நேர நடை எல்லாவற்றையும் அவன் அந்த ஒரு வாக்கியத்துக்காக விட்டுக்கொடுத்தான்.

ஓடையின் மறுபக்கம் போனோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. இனிமேல் வராது என்று நினைத்தேன். ஆனாலும் தட்டினேன். இம்முறை கையை மறந்து தட்டினேன். நிறுத்தியபோது காடு முழுவதும் நிறுத்தியது போல இருந்தது. என் இதயம் தட்டுவது மட்டும் கேட்டது. அது நேராக வந்தது. தயங்கவே இல்லை. சிறிய கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, நண்பனைக் கடந்து, என்னை நோக்கி வந்தது. அதன் கண்கள் பெரியவை. கழுத்தின் வெள்ளைக் கோடுகள் வரைக்கும் எனக்குத் தெரிந்தன. என்னைப் பார்த்துவிட்டது என்று நினைத்த அந்த நொடியில் "ஃபுட்" என்று ஓர் ஓசை. யாரோ மெழுகுவத்தியை ஊதி அணைத்தது போல. அவ்வளவுதான். சருகுமான் துள்ளி எழுந்து, புதருக்குள் பாய்ந்து மறைந்தது.

நான் எழுந்து ஓடப் பார்த்தேன். அவன் கையை உயர்த்தினான். உட்கார் என்று பொருள். துரத்தினால் அது வெகுதூரம் ஓடும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். நஞ்சு தன் வேலையைச் செய்யும் வரை காத்திருக்க வேண்டும். அவன் என் அருகில் வந்து உட்கார்ந்து புகையிலையைச் சுருட்டிப் பற்ற வைத்தான். அவன் கை இலேசாக நடுங்கியது. என் கை அதைவிட அதிகமாக நடுங்கியது. அங்கே ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் தட்டியதால்தான் அது வந்தது.

அந்த நேரத்தில் ஏன் அதைப் பேசினேன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. "படிவம் இரண்டில் உன்னை ஒரு பெயர் சொல்லி அழைத்தேன்" என்றேன். ஆண்டுக்கணக்கில் தொண்டையில் கிடந்த வாக்கியம் அது.

அவன் புதரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "தெரியும். மூன்று முறை சொன்னாய்" என்றான். சற்றுப் பொறுத்து, "மூன்றாவது முறை உன் குரல் சின்னதாக இருந்தது" என்றான்.

நான் ஒருமுறைதான் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பிறகு ஏன் பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றாய்?"

"கொடுத்த சாப்பாட்டை வேண்டாமென்றாய். தொடவும் இல்லை. அப்படிப் போகிறவர்களுக்கு வழியில் ஏதாவது நேர்ந்துவிடும் என்று அம்மா சொல்வார். நீ எங்கேயாவது விழுந்துவிடுவாய் என்று பயமாக இருந்தது."

மலாய்க்காரர்கள் இதைக் கெம்புனான் என்பார்கள். உண்ணக் கொடுத்ததை மறுப்பவர் விரல் நுனியால் தொட்டாவது விட வேண்டும் என்பது அந்த நம்பிக்கை. அன்று 'தொட்டாவது விடு' என்று அவன் கெஞ்சியது எனக்காகத்தான். என்னை இழிசொல்லால் அழைத்தவன் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டுமே என்று அவன் கவலைப்பட்டு நின்றிருக்கிறான். அதைச் சண்டை என்று நினைத்து நான் பயந்திருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் சுருட்டை மண்ணில் அழுத்தி அணைத்தான். "எழு. நேரமாகிவிட்டது" என்றான்.

தேடுவதில் இருவருக்கும் சம பங்கு. முறிந்த ஈர்க்கை அவன் கண்டெடுத்தான். கவிழ்ந்திருந்த ஈர இலைகளை நான் கண்டேன். முப்பது அடிகூட இருக்காது. ஒரு பெர்த்தாம் புதரின் அடியில் அது பக்கவாட்டில் படுத்திருந்தது, தூங்குவது போல. தொட்டுப் பார்த்தேன், உடல் சூடாக இருந்தது. எனக்குப் பாடநூலில் இருந்த படம் நினைவுக்கு வந்தது. மகிழ்ச்சியும் துக்கமும் ஒன்றாக வரும் என்று கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். அன்றுதான் அது உண்மையென்று அறிந்தேன். அவன் அம்பு தைத்த சதையை வெட்டி எறிந்தான். உடலை இலைகளில் சுற்றிப் பிரம்பால் கட்டி என்னிடம் கொடுத்தான். திரும்பும் வழியெல்லாம் நானே சுமந்தேன்.

வீட்டில் பெரியவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "எத்தனை முறை தட்டினான்?" என்று மகனைக் கேட்டார். அவன் சொன்னான். "நிறுத்தினானா?" என்று கேட்டார். "நிறுத்தினான்" என்றான்.

அவனுடைய அம்மா இறைச்சியை மூங்கில் குழாயில் அடைத்து வேகவைத்தார். 2 கிலோ விலங்கில் என்ன இருக்கும்! அதையும் பக்கத்து வீடுகளுக்குச் சேர்த்துப் பங்கு போட்டார்கள். ஊதியவனுக்கு அதிகம் என்றோ, வீட்டிலேயே இருந்த பாட்டிக்குக் குறைவு என்றோ இல்லை. எல்லா இலையிலும் ஒரே அளவு. என் இலையிலும் அதே அளவு. நான் "தெரிமா காசே" என்றேன். எல்லாரும் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பிறகு பாட்டி ஏதோ சொல்ல, அனைவரும் சிரித்தார்கள். "நன்றி சொன்னால், நாங்கள் கொடுக்க மாட்டோம் என்று நீ நினைத்ததாக ஆகும்" என்று நண்பன் விளக்கினான். பின்னர் பல்கலைக்கழக நூலகத்தில் ராபர்ட் டென்டன் என்ற மானிடவியலாளர் செமாய் மக்களைப் பற்றி 1968இல் வெளியிட்ட நூலைக் கண்டேன். அதிலும் இந்தச் செய்தி இருந்தது. நான் அதற்குள் இலையில் பார்த்துவிட்டேன்.

சாப்பிட்டேன். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு உண்ண வேண்டிய உணவு.

நண்பர்களே, நாம் தமிழ்மொழிக் கழகத்தில் கூடும்போது நம் மொழிக்கு இழைக்கப்பட்ட அவமதிப்புகளைப் பற்றி உணர்ச்சியோடு பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். எனக்கு ஆறு ஆண்டுகள் என் தாய்மொழியில் படிக்கப் பள்ளி இருந்தது. சில தொடக்கப்பள்ளிகளில் செமாய் மொழி ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. என் நண்பனுக்கு அதுவும் வாய்க்கவில்லை. இவ்வளவு கிடைத்த நம்முடைய வாயிலிருந்து அந்த மக்களுக்கு என்ன சொல் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தோட்டத்தில், கடையில், நம் வீட்டுக் கூடத்தில் அந்தப் பழைய சொல்லை இன்னும் சொல்கிறார்கள். கேட்கும்போது திருத்துவோம். நான் திருத்தத் தொடங்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வீடு திரும்பினேன். நண்பனின் அம்மா மோட்டார்க் கூடையில் பெத்தாயும் மரவள்ளிக் கிழங்கும் வைத்து, ஒரு சிறு இலைப் பொட்டலத்தையும் வைத்திருந்தார். என் அம்மாவுக்கென்று எடுத்து வைத்த பங்கு. ஆடி மாதம் முழுவதும் அம்மா கவிச்சி தொடமாட்டார். பொட்டலத்தைப் பார்த்ததும், "என்னடா இது, விரத மாசத்துல?" என்றார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். படிவம் இரண்டில் நடந்தது வரைக்கும் சொன்னேன். அதை மட்டும் அவரிடம் நான் சொன்னதே இல்லை.

அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, இலையை மெல்லப் பிரித்து, சுட்டுவிரல் நுனியால் ஒருமுறை தொட்டார்.

"தொட்டுட்டேன்னு அந்தப் புள்ளைக்கிட்ட சொல்லு" என்றார்.